மிச்சம் இருக்கும் ஜெரால்டீன் பேஜ்

1984ஆம் ஆண்டு வெளிவந்த 'தி போப் ஆஃப் கிரீனிச் வில்லேஜ்' என்ற படத்தை நான் மிக்கி ரூர்க்குக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். நியூயார்க்கில் வாழும் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள், யாருடையது என்று தெரியாமல் ஒரு ரவுடித் தலைவனின் பணப் பெட்டகத்தையே உடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் கதை அது. நடுவில் ஒரு வயதான பெண் வருகிறார். லஞ்சப் பணத்தில் புரளும் போலீஸ்காரர் ஒருவரின் தாய். மகன் உயிரோடு இருக்கும்போது ஒரு காட்சி, மகன் செத்த பிறகு வீடு தேடி வரும் அதிகாரிகளோடு இன்னொரு காட்சி, இரண்டையும் சேர்த்தால் எட்டு நிமிடம் தேறும். இரண்டாவது காட்சியில் அவர் வந்தவர்களுக்கு முன்னால் அழுது நிற்கவில்லை. துக்கத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு அவர்களை விரட்டுகிறார். படம் முடிந்த பின் ரூர்க் செய்தவற்றில் பாதி மறந்துவிட்டது. அந்தக் கிழவியின் சிகரெட்டும் கரகரத்த குரலும் மறக்கவில்லை.

ஜெரால்டீன் பேஜ் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலில் கவனித்தேன். அந்த எட்டு நிமிடத்துக்காக அவர் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்பதும், அது அவருடைய ஏழாவது பரிந்துரை என்பதும், முந்தைய ஆறிலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினார் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. டிஸ்னியின் 'தி ரெஸ்க்யூயர்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய குரல் ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கும்; அதில் வரும் மேடம் மெடூசா என்ற கொடுமைக்காரி பேசுவது அவர் குரலில்தான்.

தேடிப் பார்த்த அளவில் எனக்கு ஒன்று உறைத்தது. இவர் அடிப்படையில் மேடை நடிகை. 1940களின் நடுப்பகுதியிலிருந்து 1987இல் இறந்த நாள்வரைக்கும் மேடைதான் அவருடைய அன்றாடம். சினிமா என்பது இடையிடையே போய்வரும் வெளியூர்ப் பயணம்போல இருந்திருக்கிறது. நாடகமோ திரை விழுந்தவுடன் கரைந்துபோகும் கலை. ஆகவே பேஜின் நடிப்பில் நமக்கு எட்டியிருப்பது மிச்சம்தான்: சில படங்கள், சில தொலைக்காட்சிப் பதிவுகள், அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதி வைத்த சொற்கள். இந்த மிச்சத்தைக் கொண்டு அவரைப் பற்றி எழுதுவது, விருந்து முடிந்த பின் பந்தலுக்கு வந்தவன் வாசனையை வைத்துச் சமையலைப் பற்றிப் பேசுவதைப் போன்றதுதான். இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது.

பேஜ் 1924 நவம்பர் 22 அன்று மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். எலும்பையும் தசையையும் கையால் நீவிச் சீர்படுத்தும் ஆஸ்டியோபதி மருத்துவத்துக்கான முதல் கல்லூரி 1892இல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். அவருடைய தந்தையும் அந்த மருத்துவத்தைச் சேர்ந்தவரே. பேஜுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. பியானோ வாசிப்பவராக வேண்டும், ஓவியராக வேண்டும் என்றெல்லாம் எண்ணியிருந்த பெண்ணுக்கு, தேவாலயத்து நாடகக் குழுவில் ஏறி நின்ற பிறகு வேறு எண்ணமே இல்லாமல் போயிற்று. சிகாகோவின் குட்மன் நாடகப் பள்ளியில் 1945இல் படிப்பை முடித்தார். அதன் பிறகு வந்த ஏழு ஆண்டுகளை, கோடைகால நாடகக் குழுக்கள், நியூயார்க்கில் தொப்பியும் மேலங்கியும் வாங்கி வைக்கும் வேலை, திரையரங்கில் இடம் காட்டும் வேலை, தொழிற்சாலைக் கூலி என்று ஒரே வரியில் கடந்துவிடலாம். வாழ்ந்தவருக்கு அது அவ்வளவு சுருக்கமாக இருந்திருக்காது. அந்த வறுமையிலும் அவர் விடாமல் செய்த ஒரு காரியம், உதா ஹேகன் என்ற பெரிய நடிகையிடம் நடிப்புப் பயின்றது. இது பின்னால் அவருக்கு வரமாகவும் வினையாகவும் ஆயிற்று.

1952ஆம் ஆண்டுக்கு வருவோம். டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'சம்மர் அண்ட் ஸ்மோக்' நாடகம் 1948இல், நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளைக் கொண்ட பிராட்வேயில் மேடையேறி, நூறு காட்சிகளைச் சற்றே தாண்டியதும் மூடப்பட்டிருந்தது. தோற்றுப்போன நாடகம் என்று எல்லோரும் ஒதுக்கிய அதை, பனாமாவிலிருந்து வந்த ஹோசே கிந்தேரோ என்ற இளம் இயக்குநர் கையில் எடுத்தார். அவருடைய குழுவான 'சர்க்கிள் இன் த ஸ்கொயர்', கிரீனிச் வில்லேஜில் முன்பு இரவு விடுதியாக இருந்த கூடத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே உயர்ந்த மேடையும் இல்லை, இழுத்து மூடத் திரையும் இல்லை. பார்வையாளர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்து, நடிப்பவரின் மூச்சுச் சத்தம் கேட்கும் தொலைவில் உட்கார்ந்திருப்பார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் அங்கே லோர்காவின் 'யெர்மா'வில் சின்ன வேடம் ஒன்றைச் செய்திருந்த பேஜுக்கு, இந்த முறை ஆல்மா வைன்மில்லர் என்ற முதன்மை வேடம் கிடைத்தது.

ஆல்மா ஒரு பாதிரியாரின் மகள். மிசிசிப்பியில் ஒரு சிறு நகரம். பக்கத்து வீட்டு மருத்துவரின் மகன் ஜானைச் சிறுவயதிலிருந்தே நேசிக்கிறாள். அவள் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறாள். அவன் உடற்கூறு விளக்கப்படத்தைச் சுட்டிக்காட்டி, இதில் ஆன்மா எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். கதை முடியும்போது அவன் ஆன்மாவை நம்பத் தொடங்கியிருக்கிறான், அவள் உடலின் பசியை ஒப்புக்கொண்டிருக்கிறாள், ஆனால் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டார்கள். அவன் வேறொரு பெண்ணை மணக்கப் போகிறான். அவள் ஊர்ப் பூங்காவில் நீரூற்றின் அருகே உட்கார்ந்து, வழிப்போக்கனான ஒரு விற்பனைப் பிரதிநிதியோடு பேச்சுக் கொடுக்கிறாள்.

1952 ஏப்ரல் 24 அன்று இந்த நாடகம் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸின் நாடக விமர்சகரான புரூக்ஸ் அட்கின்சன் அந்தச் சின்னக் கூடத்துக்கே வந்து பார்த்துவிட்டு மனமாரப் பாராட்டி எழுதினார். பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் பிராட்வேயை விட்டு இறங்கி வருவது அக்காலத்தில் அபூர்வம். ஒரே நாடகத்தால் ஒரு நடிகையும், ஓர் இயக்குநரும், தோற்ற நாடகம் ஒன்றும், பிராட்வேக்கு வெளியே சிறு அரங்குகளில் நாடகம் போடும் 'ஆஃப்-பிராட்வே' என்ற ஓர் இயக்கமும் சேர்ந்தே எழுந்து நின்றன. அந்த இயக்கத்தின் பிறந்த நாளாக இந்தத் தேதியைக் குறிப்பவர்கள் இன்றும் உண்டு.

1961இல் பீட்டர் கிளென்வில் இயக்கத்தில் இது படமானபோதும் பேஜே ஆல்மாவாக நடித்தார். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, கழுத்துக்கும் கைக்குட்டைக்கும் இடையே படபடக்கின்றன. வாக்கியத்தின் நடுவே மூச்சை விழுங்குகிறார். சிரிப்பு, தொடங்கிய இடத்துக்குச் சம்பந்தமில்லாத உயரத்தில் போய் உடைகிறது. 'பேஜ் என்றால் பாணி' என்று முகம் சுளித்த விமர்சகர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள், நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், நாடகத்துக்குள்ளேயே இதற்குப் பதில் இருப்பதைக் கண்டேன். ஊரில் உள்ள இளைஞர்கள் விருந்துகளில் ஆல்மாவைப்போலப் பேசிக் காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று ஜான் அவளிடமே சொல்கிறான். அதாவது அந்தப் படபடப்பு ஆல்மாவினுடையது. நாகரிகமாகப் பேச வேண்டும் என்ற பயத்தில் அவள் தானே தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை அது. கடைசிப் பூங்காக் காட்சியில் கைகள் அடங்கி மடியில் கிடக்கின்றன, குரல் தாழ்ந்து சமனாக வருகிறது. அந்த அமைதியைப் பார்த்தவுடன், அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரப் படபடப்பும் எதற்காக அவ்வளவு கணக்காகச் செலவழிக்கப்பட்டது என்பது விளங்குகிறது.

மேடையில் பெயர் வாங்கியதும் ஹாலிவுட் கூப்பிட்டது. 1953இல் ஜான் வெய்னுடன் 'ஹோண்டோ'. மெக்சிகோவின் வறண்ட நிலத்தில், அப்போதைய புதுமோகமான முப்பரிமாணக் காமிராவைக் கொண்டு எடுக்கப்பட்ட மேற்கத்திய சாகசப் படம். அப்பாச்சி மக்கள் வாழும் எல்லைப் பகுதியில் சிறு மகனோடு தனியாகப் பண்ணையைக் காத்து நிற்கும் பெண்ணாக பேஜ் நடித்தார். ஜான் வெய்ன் படங்களின் கதாநாயகிகளைப்போல அவர் தோற்றமளிக்கவில்லை. உழைத்துக் களைத்த பெண்ணாக இருந்தார். முதல் ஆஸ்கர் பரிந்துரை அதற்குக் கிடைத்தது.

அதன் பிறகு எட்டு ஆண்டுகள் ஹாலிவுட்டிலிருந்து ஒரு வேடமும் இல்லை. கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய காலம் அது. உதா ஹேகன், இடதுசாரிக் கருத்துகளுக்காகக் குறிவைக்கப்பட்ட கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சனோடு 'ஒதெல்லோ'வில் நடித்தவர், அந்த நட்பின் காரணமாகவே வேலை கொடுக்கக் கூடாதவர்களின் கறுப்புப் பட்டியலுக்குள் தள்ளப்பட்டவர். ஹேகனின் மாணவி என்ற தொடர்பே பேஜுக்கும் திரையுலகக் கதவை அடைத்தது என்று சொல்லப்படுகிறது. பரிந்துரை பெற்ற நடிகையை, எந்தக் குற்றமும் சாட்டாமல், வெறுமனே அழைக்காமல் இருந்தே தண்டித்துவிடலாம் என்பது அக்காலத்தின் நுட்பமான கொடுமை.

அந்த எட்டு ஆண்டுகளும் மேடைக்கு வாய்த்த லாபம் என்றே இன்று படுகிறது. 1954இல் ஆந்த்ரே ழீதின் கதையை ஒட்டிய 'தி இம்மாரலிஸ்ட்' நாடகத்தில் லூயி ஜோர்டானுடன் நடித்தார். அதில் ஒரு வேலைக்காரச் சிறுவனாக வந்த 23 வயது இளைஞனின் பெயர் ஜேம்ஸ் டீன். ஒத்திகையில் எல்லோரோடும் மல்லுக்கு நின்ற டீனுக்கு அந்தக் குழுவில் இருந்த ஒரே துணை பேஜ்தான். முதல் காட்சி நடந்த இரவிலேயே டீன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, சில நாள்களில் சினிமாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு இறுதியில் 'தி ரெயின்மேக்கர்'. வறட்சி பிடித்த ஊரில், தன்னை யாரும் மணக்க மாட்டார்கள் என்று நம்பத் தொடங்கிவிட்ட லிஸி என்ற பெண்ணின் வேடம். பிராட்வேயில் பேஜ் உருவாக்கிய லிஸியை, 1956இல் படமெடுத்தபோது கேத்தரின் ஹெப்பர்னுக்குக் கொடுத்தார்கள். ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. தான் செதுக்கிய வேடம் இன்னொருவர் முகத்தோடு திரையில் நிலைத்துவிடுவதைப் பார்க்கும் அனுபவம் பேஜுக்கு அத்தோடு முடியவில்லை.

1959 மார்ச் 10 அன்று 'ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்' தொடங்கியது. மீண்டும் டென்னசி வில்லியம்ஸ், இயக்கம் எலியா கசான், உடன் நடித்தவர் பால் நியூமன். இம்முறை பேஜ் எடுத்துக்கொண்ட அலெக்சாண்ட்ரா டெல் லாகோ, ஆல்மாவுக்கு நேர் எதிரானவள்: மவுசு குறைந்த சினிமா நட்சத்திரம். மறுவரவுப் படத்தின் முதல் காட்சியில் தன் முதிர்ந்த முகத்தைத் திரையில் பார்த்து அஞ்சி ஓடிவந்து, போதையிலும் ஓர் அழகிய இளைஞனின் துணையிலும் ஒளிந்துகொண்டிருக்கிறாள். முதுமையைக் கண்டு நடுங்கும் இவளை நடித்தபோது பேஜுக்கு வயது 34.

1962இல் வந்த படத்தில் இதே வேடத்தை அவரே நடித்தது நம் அதிர்ஷ்டம். அதில் வரும் தொலைபேசிக் காட்சியை மட்டும் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சான்ஸ் என்ற அந்த இளைஞன், தன்னையும் தன் காதலியையும் சினிமாவில் சேர்த்துவிடும்படி ஒரு பத்திரிகையாளருக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்துகிறான். அவளும் பயந்துகொண்டே பேசத் தொடங்குகிறாள். மறுமுனையிலிருந்து, அவள் தோல்வி என்று நினைத்து ஓடிவந்த படம் வசூலில் வெற்றி பெற்றிருக்கிறது என்ற செய்தி வருகிறது. அந்த நொடியிலிருந்து பேஜின் முதுகெலும்பை மட்டும் கவனியுங்கள். சுருண்டு கிடந்த பெண் ஒவ்வொரு கணுவாக நிமிர்கிறாள். பக்கத்தில் நிற்கும் இளைஞன் கண்முன்னாலேயே மறக்கப்படுகிறான். அவனைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் தொலைபேசியை வைத்துவிடுகிறாள். அவளை வெறுக்கவும் முடியவில்லை, அந்த மகிழ்ச்சியில் பங்கு கொள்ளாமலும் இருக்க முடியவில்லை. கசானின் மேடையில் இது எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் ஒவ்வொரு முறையும் வருகிறது.

இந்த நாடகத்தில் சிறு வேடமொன்றில் நடித்துவந்து, நியூமன் விலகிய பின் சான்ஸாகவே மேடையேறிய டெக்சாஸ்காரர் ரிப் டோர்னைத்தான் பேஜ் பின்னர் மணந்துகொண்டார். வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடருடனான முதல் மணம் ஏற்கெனவே முறிந்திருந்தது. ஒரு மகளும் இரட்டை ஆண் குழந்தைகளும் பிறந்தனர். மன்ஹாட்டனின் செல்சி பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் இருவர் குடும்பப் பெயரையும் சேர்த்து 'டோர்ன் பேஜ்' என்று எழுதியிருந்தார்களாம். ஆங்கிலத்தில் அதற்குக் கிழிந்த பக்கம் என்று பொருள். தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் தெரிந்த தம்பதிகள். பின்னாளில் அந்த வீடே அதே பெயரில் சிறிய நாடக நிகழ்வுகளுக்கான இடமாயிற்று.

'ஸ்வீட் பேர்ட்' படத்துக்காக அவர் மூன்றாம் முறை பரிந்துரைக்கப்பட்டபோது நடந்த ஆஸ்கர் விழா, சினிமா வம்பு பேசுபவர்களுக்குப் பிடித்தமானது. 1963 ஏப்ரல் 8. பெட்டி டேவிஸும் போட்டியில் இருந்தார். அவரோடு பகை பாராட்டிய ஜோன் கிராஃபோர்ட், விழாவுக்கு வர இயலாத மற்ற நடிகைகளிடம் பேசி, நீங்கள் வென்றால் உங்கள் சார்பில் விருதை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பேஜும் ஒப்புக்கொண்டவர்தான். வென்றவர் 'தி மிரக்கிள் வொர்க்கர்' படத்துக்காக ஆன் பான்கிராஃப்ட். கிராஃபோர்ட் மேடையேறிப் புன்னகையோடு வாங்கினார். பேஜ் அன்று நியூயார்க்கில் இருந்ததன் காரணம்தான் எனக்கு இந்த வம்பைவிடச் சுவையானது. முந்தைய மாதம்தான் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பயிற்சிக்கூடத்தின் முதல் நாடகமாக, யூஜின் ஓ'நீலின் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்' அவரை நாயகியாகக் கொண்டு தொடங்கியிருந்தது. இயக்கியவர் பழைய தோழர் கிந்தேரோ. பாத்திரங்கள் மனத்தில் ஓடுவதையும் உரக்கச் சொல்லும், நடுவே உணவு இடைவேளை விடவேண்டிய அளவு நீண்ட நாடகம் அது. மறு ஆண்டு லீ ஸ்ட்ராஸ்பெர்க் இயக்கத்தில் செகாவின் 'மூன்று சகோதரிகள்'. கிம் ஸ்டான்லி மாஷா, பேஜ் மூத்தவளான ஓல்கா. நல்லவேளை, அதைக் காமிராவில் பதிவு செய்து வைத்தார்கள். கரடுமுரடான கறுப்பு வெள்ளைப் பதிவுதான். இருந்தாலும் மேடை பேஜுக்கு மிக அருகில் நாம் போகக்கூடிய இடம் அது.

தொலைக்காட்சியைத் தாழ்வாக நினைத்த நடிகர்கள் நிறைந்த காலத்தில், 1966இல் ட்ரூமன் கபோட்டியின் 'எ கிறிஸ்துமஸ் மெமரி'யில் நடிக்க ஒப்புக்கொண்டார். அறுபதைக் கடந்த, குழந்தை மனம் கொண்ட உறவுக்காரப் பெண்ணும் ஏழு வயதுச் சிறுவனும் சேர்ந்து காசு சேமித்துப் பழக் கேக்குகள் செய்து, பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் கதை. கதையைச் சொல்லும் குரல் கபோட்டியினுடையது. 42 வயதில் பேஜ் அந்தக் கிழவியாக இருந்தார். கிழவியாக நடிக்கிறேன் என்று நடுங்கவோ கூனவோ இல்லை. மாறாக, ஓடினார், பட்டம் விட்டார். வயதை அவர் உடலில் காட்டாமல், எதையும் அவசரப்படாமல் பார்க்கும் கண்களில் காட்டினார் என்பது என் எண்ணம். இதற்கு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது ஒன்றும், அடுத்து வந்த 'தி தேங்க்ஸ்கிவிங் விசிட்டர்' என்ற கபோட்டி கதைக்கு இன்னோர் எம்மியும் கிடைத்தன.

1970களின் படங்கள் பலவற்றை அவசரமாகக் கடந்துவிடலாம். திகில் படங்களில் பித்துப்பிடித்த சீமாட்டியாக அவரைப் போடுவது வழக்கமாகிவிட்டிருந்தது, கூலிக்கு அவரும் செய்தார். டான் சீகலின் 'தி பிகைல்ட்' அவற்றில் சற்று உயர்ந்தது. ஆனால் 1978இல் வுடி ஆலன் எடுத்த 'இன்டீரியர்ஸ்' நின்று பார்க்க வேண்டியது. ஈவ் என்ற உள்ளலங்கார நிபுணர், வீட்டையும் கணவரையும் மூன்று மகள்களையும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பவர். கணவர் ஒரு நாள் காலை உணவு மேசையில் பிரிந்து வாழப் போவதாக அறிவிக்கிறார். தற்கொலைக்கு முயலும் காட்சியில் ஈவ் கதவு, ஜன்னல் இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைக்கிறாள். நாடா கிழியும் சத்தத்தைத் தவிர வேறு ஒலியே இல்லை. அறையை அலங்கரிக்கும்போது எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு நேர்த்தியாக அதையும் ஒட்டுகிறாள். அலெக்சாண்ட்ராவின் ஆர்ப்பாட்டத்தைச் செய்த அதே கைகள் என்று நம்ப முடிவதில்லை. பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது, ஆஸ்கர் கிடைக்கவில்லை.

பிராட்வேயில் 1982இல் 'ஆக்னஸ் ஆஃப் காட்'. கன்னிமாடத்தில் ஒரு சிசு இறந்து கிடக்க, அதன் தாயான இளம் துறவியை விசாரிக்க வரும் மனநல மருத்துவருக்கும் மடத்தின் தலைவிக்கும் இடையே நடக்கும் வழக்காடல். பேஜ் மடத்தின் தலைவி. 599 காட்சிகள் ஓடிய அந்த நாடகத்தை 1985இல் படமாக்கியபோது, தலைவி வேடம் ஆன் பான்கிராஃப்டுக்குப் போயிற்று. 1963இல் பேஜை வென்ற அதே பான்கிராஃப்ட். அவர் அந்த ஆண்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் பேஜ் மேடையில் வார்த்தெடுத்த அந்த வேடத்துக்காகத்தான். கதை எழுதுபவன் இப்படி எழுதினால் செயற்கை என்று சொல்லிவிடுவோம். ஏனென்றால் அதே ஆண்டு, எதிரே நின்ற இன்னொரு பெயர் பேஜினுடையது.

'தி ட்ரிப் டு பவுண்டிஃபுல்' ஹோர்ட்டன் ஃபூட் எழுதி, 1953இல் லிலியன் கிஷ் நடிப்பில் தொலைக்காட்சியிலும் பிறகு பிராட்வேயிலும் வந்த நாடகம். முப்பது ஆண்டுகளுக்குப் பின், பீட்டர் மாஸ்டர்சன் குறைந்த செலவில் அதைப் படமாக்கினார். 1940களின் ஹூஸ்டன். சின்னஞ்சிறு அடுக்குமாடி வீட்டில் மகன் லூடி, மருமகள் ஜெஸி மே ஆகியோரோடு இருக்கும் கேரி வாட்ஸ் என்ற கிழவிக்கு, சாவதற்கு முன் தான் பிறந்து வளர்ந்த பவுண்டிஃபுல் என்ற ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஓய்வூதியக் காசோலையை மருமகள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் வீட்டைவிட்டு ஓடிப் பேருந்து ஏறுகிறாள். இவ்வளவுதான் கதை.

மாமியார் மருமகள் சண்டையாக இதைச் சுருக்கிவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. வீட்டுக்குள் தோத்திரப் பாட்டுப் பாடக் கூடாது, ஓடக் கூடாது என்று மருமகள் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறாள். பேஜின் கேரி பாவப்பட்ட கிழவியாக ஒடுங்கிப் போவதில்லை. பிடிவாதக்காரி, கள்ளத்தனம் உள்ளவள், வேண்டுமென்றே முணுமுணுத்துப் பாடி மருமகளைச் சீண்டுபவள். அதனால்தான் ஜெஸி மே பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. படத்துக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரவுப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் தெல்மா என்ற இளம் மனைவி. கணவன் ராணுவத்தில் இருக்கிறான். அந்தப் பெண்ணிடம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தான் தன் கணவரைக் காதலித்ததில்லை என்று கேரி சொல்கிறாள். நல்ல மனிதர், மரியாதை வைத்திருந்தேன், ஆனால் காதலித்தவன் வேறொருவன், இரண்டு தந்தையருக்கும் ஒத்துப்போகாததால் நடக்கவில்லை. அவன் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் சுற்றுவழியாக அவள் வீட்டைக் கடந்து போவான்; இவள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்; தலையசைத்துக்கொள்வார்கள். வாழ்நாள் முழுவதற்கும் கிடைத்தது அந்தத் தலையசைப்பு மட்டுமே. பேஜ் இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. நாற்பது ஆண்டுகளாக உள்ளுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையை, முதன்முதலாக இன்னொரு காது கேட்கச் சொல்பவளின் கூச்சமும் சிறு பெருமையும் அதில் இருக்கின்றன. படபடப்புக்காரி என்று நான் ஒதுக்கிய நடிகையா இவர் என்று அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் நெருங்கும்போது, அங்கே மிச்சம் இருந்த ஒரே தோழியும் இறந்துவிட்ட செய்தி வருகிறது. பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வாங்கிய ஷெரிஃப், கிழவியின் மன்றாட்டுக்கு இரங்கி, அவளைத் தன் காரிலேயே இடிந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறார். மனிதர்கள் இல்லை, வீடு பாழடைந்து கிடக்கிறது, வயலெல்லாம் புதர். அதன்பின் மகனும் மருமகளும் வந்து சேர, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு அவள் ஹூஸ்டனுக்கே திரும்புகிறாள். அடைந்ததா, இழந்ததா என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாதபடி பேஜ் அந்தக் காருக்குப் போகிறார்.

1986 மார்ச் 24. எட்டாவது பரிந்துரை. பேஜ் வெல்வோம் என்ற நினைப்பே இல்லாமல் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். உறையைப் பிரித்த எஃப். முர்ரே ஆபிரகாம் பெயரைப் படிப்பதற்கு முன்பே, ஆங்கில மொழியின் மிகப் பெரிய நடிகை என்று தான் கருதுபவர் இவர் என்று சொல்லிவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது; பேஜ் இருக்கைக்கு அடியில் காலணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

விருதுக்குப் பிறகு ஹாலிவுட்டில் பெரிய கூலி கேட்டிருக்கலாம். அவரோ, நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தின் அரங்கில் இயங்கிய மிரர் ரெப்பர்ட்டரி என்ற சிறு நாடகக் குழுவோடு 1983 முதல் இணைந்து உழைத்துவந்தவர், அந்த உறவை விடவில்லை. ழான் ழிரோதுவின் 'சாயோவின் பைத்தியக்காரி'யாக அவர் அங்கே நடித்ததைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். பிராட்வேயின் டோனி விருது அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்: நான்கு பரிந்துரைகள், நான்கு தோல்விகள். மேடைக்கே வாழ்ந்தவருக்கு விருது கொடுத்தது சினிமாவும் தொலைக்காட்சியும்.

நான்காவது டோனி பரிந்துரை 1987இல், நோயல் கவர்டின் 'பிளைத் ஸ்பிரிட்' நாடகத்துக்காக. கதாநாயகனின் செத்துப்போன முதல் மனைவியின் ஆவியைத் தவறுதலாக வரவழைத்துவிடும் மேடம் ஆர்க்கட்டி என்ற குறிசொல்லியின் நகைச்சுவை வேடம். நீல் சைமன் அரங்கில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 13, சனிக்கிழமை. அன்று இரண்டு காட்சிகள். பேஜ் முதல் காட்சிக்கும் வரவில்லை, மாலைக் காட்சிக்கும் வரவில்லை. செல்சி வீட்டில் மாரடைப்பால் இறந்திருந்தார். வயது 62. அவர் இல்லாமலே இரண்டு காட்சிகளும் நடந்தன. மாலைக் காட்சி முடிந்து, ஆவிகளைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்திருந்த பார்வையாளர்களிடம் தயாரிப்பாளர் செய்தியைச் சொன்னார். ஐந்து நாள் கழித்து அதே அரங்கில், உள்ளே இடம் போதாத அளவுக்கு மக்கள் அஞ்சலி செலுத்தக் கூடினார்கள்.